பன்னிரண்டு ஷெர்மன்கள்

மே 22

பன்னிரண்டு பெட்டிகள் வந்தன. ஆல்வின் சார் தானே மாடி ஏறித் தூக்கி வந்து மேசையில் அடுக்கினார். எல்லாம் ஒரே டாங்கியின் பிளாஸ்டிக் மாதிரிகள்தான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் செய்த ஷெர்மன். ஆனால் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஒன்றின் உடம்பு வார்ப்பு, இன்னொன்று தகடுகளைப் பற்றவைத்தது. ஒன்றின் முன்னால் கண்ணிவெடிகளை அடித்து வெடிக்கச் செய்யும் சங்கிலிகள். ஒன்றைச் சுற்றி, கடலில் மிதப்பதற்காகக் கித்தான் திரை. பெல்ஜியத்தில் ஒருவர் இந்தப் பன்னிரண்டு வகைகளையும் பொருத்தி, வண்ணம் பூசி, செப்டம்பர் கடைசிக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார். அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டினால் ஒரு டாங்கி அதில் நிற்கும்.

"இத நல்லபடியா முடிச்சுக் குடுத்துட்டா உன்ன நிரந்தரமாக்கிடறேன், வாணி," என்றார் சார்.

நான் தலையை ஆட்டினேன். நன்றி என்று சொல்லியிருக்க வேண்டும். என்னோடு வேலை செய்யும் ரெஜினா அக்கா என் விலாவில் இடித்தாள். "வாயத் தொறந்து சொல்லுடி. பீயெஸ்ஸி படிச்சவ."

வீட்டில் சொன்னேன். அப்பா போத்தனூர் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்குபவர். அம்மா அங்கன்வாடியில் உதவியாள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரிக்குப் போனது நான் ஒருத்திதான். அப்பா உடனே சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். யாரிடமாவது சொல்ல வேண்டும் அவருக்கு. என்ன சொல்வார் என்றும் எனக்குத் தெரியும். "என்ற புள்ள ஏசி ரூம்ல உக்காந்து வேல பாக்குது." ஏசி வண்ணத்துக்காகப் போட்டது, எங்களுக்காக இல்லை என்று நான் ஒருமுறையும் சொன்னதில்லை.

மே 26

அச்சிலிருந்து வரும் பிளாஸ்டிக் பாகங்களில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். அதைத் துடைக்காவிட்டால் வண்ணம் ஒட்டாது. இதுவரை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைப்போம். அரை நாள் போய்விடும். இன்று சார் ஒரு தகர டப்பா கொண்டுவந்தார். செருப்புப் பசை செய்பவர்களுக்கு விற்கும் கடையில் வாங்கியதாம். பஞ்சில் தொட்டுத் துடைத்தால் கண் சிமிட்டுவதற்குள் காய்ந்துவிடுகிறது. கறையே இல்லை. டப்பாவில் பெயர் இல்லாததால் அக்கா அதற்கு வெள்ளைத் தண்ணி என்று பெயர் வைத்தாள்.

ஒரு டாங்கியின் இரண்டு சங்கிலிப் பட்டைகளுக்கும் சேர்த்து நூற்று ஐம்பதுக்கும் மேல் கண்ணிகள். ஒவ்வொன்றையும் துடைத்துக் கோப்பது அக்காவின் வேலை. நான் உடம்பும் வண்ணமும்.

அந்த வாசனை எனக்குத் தெரியும். எங்கே என்று நினைவில்லை.

ஜூன் 9

பாலக்காட்டுக் காற்று தொடங்கிவிட்டது. கீழே சாலையை வேறு தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நேற்று மாலை நான் பூசி வைத்த பச்சையில் காலையில் பார்த்தால் மணல் தூவியது போலத் தூசி. இந்த அளவில் ஒரு தூசி என்பது டாங்கியின் மேல் கிடக்கும் கருங்கல். மூன்றாவது முறையாகச் சுரண்டி எடுத்தேன். சார் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

நானாக வாயைத் திறந்து யோசனை சொன்னது வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. "சார், ஜன்னல் இடுக்கையும் வெண்டிலேட்டரையும் டேப் போட்டு ஒட்டிட்டா? எக்ஸாஸ்டையும் நிறுத்திடலாம் சார், அதுதான் கதவிடுக்கு வழியா தூசிய உள்ள இழுக்குது."

சார் நிமிர்ந்து பார்த்தார். "இத்தன நாள் எனக்குத் தோணல பாரு," என்றார்.

பழுப்பு டேப் மூன்று சுருள் ஆனது. நானே நாற்காலி போட்டு ஏறி ஒட்டினேன்.

ஜூன் 10

ஒரு தூசி கூட இல்லை.

ஜூன் 21

பீரங்கிக் குழாய் இரண்டு பாதியாக வரும். ஒட்டினால் நடுவில் ஒரு கோடு நிற்கும். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து அதைப் போக்க வேண்டும். போய்விட்டதா என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவ வேண்டும். சேர்ந்த புதிதில் சார் என் விரலைச் சோதித்தார். ஒரு குழாயில் தலைமுடி அளவு கோட்டை விட்டுவைத்து எங்கே என்று கேட்டார். உடனே காட்டினேன். "இந்த விரல் இருக்கறவரைக்கும் உனக்கு வேலை இருக்கு," என்றார். எனக்கு யாரும் கொடுத்த சான்றிதழ்களில் அதுதான் பெரியது. பட்டத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்று நாலாவது டாங்கி முடிந்தது. எம்4ஏ4. மற்றதைவிட உடம்பு சற்று நீளம். ஐந்து கார் எஞ்சின்களை ஒன்றாகக் கட்டி உள்ளே வைத்தார்களாம், அதற்கு இடம் வேண்டுமே. சக்கரங்களுக்கு நடுவே இடைவெளியைப் பார்த்தாலே இப்போது எனக்கு வகை தெரிகிறது.

ஜூலை 6

தலைவலி. அக்காவுக்கும். "ரெண்டு பேரும் ஒரே நாள்ல மாசமாயிட்டமா என்னடி," என்றாள். கதவைத் திறந்து வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றோம். உள்ளே வந்ததும் அவள் மேசையில் வைத்த டீயில் பஞ்சு மிதந்தது. சிரித்துக்கொண்டே எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தாள்.

ஜூலை 15

பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வரை வந்த பிறகு அம்மா கேட்டாள், "ஒரு செருப்பு எங்கடி?"

இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. பழைய செருப்பு, வார் தளர்ந்துவிட்டது. திரும்பிப் போய்த் தேடினேன். டீக்கடை தாண்டிச் சாக்கடை ஓரத்தில் கிடந்தது. அவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன்.

ஜூலை 23

தவறு செய்துவிட்டேன். எம்4ஏ1க்கு வார்ப்பு உடம்பு. அசல் வார்ப்பு இரும்பில் சொரசொரப்பு இருக்கும். அதற்காகப் பசையில் குழைத்த மாவைத் தூரிகையால் குத்திக் குத்தி மேலே ஒரு தோல் உண்டாக்குவோம். அதை முந்தின நாள் நானே செய்தேன். இன்று ஒட்டுக்கோட்டைத் தேய்க்கும்போது அந்தச் சொரசொரப்பையும் சேர்த்துத் தேய்த்துவிட்டேன். மொத்தமாக.

சார் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "என்ன வாணி, தேஞ்ச சோப்பு மாதிரி இருக்குது?"

"கவனிக்கல சார்."

"கவனிக்க என்ன இருக்குது. தேய்க்கும்போதே கைக்குத் தெரியுமே."

உப்புத்தாள் புதிது. மிகவும் மென்மையானது. அதனால்தான் தெரியவில்லை.

ஜூலை 24

கீழ் உதட்டில் தெரிகிறது. குழாயை உதட்டின் மேல் வைத்து மெதுவாக இழுத்தால் தலைமுடி அளவு கோடும் தெரிகிறது. யாரும் பார்க்காதபோது செய்ய வேண்டும். அக்கா பார்த்துவிட்டாள். "முத்தம் குடுக்கறதுக்கு வேற ஆளே கெடைக்கலையா உனக்கு?"

ஜூலை 30

இந்தப் பேனா சரியில்லை. எழுத்து கோணுகிறது.

ஆகஸ்ட் 4

அக்கா படியில் விழுந்துவிட்டாள். வழுக்கவில்லை, தடுக்கவில்லை. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். கால் படியில் பட்டது, ஆனால் பட்டது அவளுக்குத் தெரியாதது போல் அடுத்த காலையும் எடுத்துவிட்டாள். உட்கார்ந்தபடியே நாலு படி இறங்கினாள்.

"பாத்தியா, கீழ போறதுக்குச் சுலுவான வழி," என்றாள். எழ முடியவில்லை. நானும் சாரும் கைத்தாங்கலாகத் தூக்கினோம். என் பிடியில் பலம் இல்லை. சார்தான் தூக்கினார்.

ஒரு மாதமாகவே பாதம் எரிகிறதாம். மருந்துக்கடைக்காரர் சர்க்கரையாக இருக்கும் என்றாராம். ரத்தம் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் வந்து ஸ்கூட்டரில் கூட்டிப் போனார். வண்டியில் உட்காரவைத்து, காலை ஃபுட்ரெஸ்ட்டில் அவரே எடுத்து வைத்தார்.

ஆகஸ்ட் 7

அக்கா இனி வரமாட்டாள் என்று வீட்டுக்காரர் போனில் சொல்லிவிட்டார். சங்கிலிக் கண்ணிகளும் இனி என் வேலை. அக்காவின் நாற்காலியில் பெட்டிகளை அடுக்கிவிட்டோம்.

இன்று ஃபயர்ஃபிளை. பிரிட்டிஷ்காரர்கள் ஷெர்மனில் நீளமான பீரங்கியை வைத்துச் செய்தது. பீரங்கி பெரிதானதால் குண்டும் பெரிதாயிற்று, வைக்க இடம் இல்லை. ஐந்து பேர் உட்கார்ந்த டாங்கியில் ஓட்டுநருக்குப் பக்கத்து ஆளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குண்டு அடுக்கினார்கள். அவன் துப்பாக்கி நீட்டும் துவாரத்தைத் தகடு வைத்து மூடிவிட்டார்கள். அந்தத் தகடு அரிசியில் பாதிதான் இருக்கும். இடுக்கியால் எடுத்தேன். நான்கு முறை விழுந்தது. கடைசியில் தேடி எடுக்க முடியாமல் வேறு பிளாஸ்டிக்கில் வெட்டிச் செய்தேன்.

ஆகஸ்ட் 16

அம்மா விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். சாப்பிடும்போது சோறு சிந்துகிறேனாம். வரிசையில் மூன்று மணி நேரம்.

டாக்டர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். "என்ன வேலை பாக்கறீங்க?"

நான் பேச ஆரம்பிப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஏசி ரூமுக்குள்ள உக்காந்து பாக்கற வேலைங்க டாக்டர். டிகிரி முடிச்சிருக்கா." பின்னால் பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்ற குரல்.

"கெமிக்கல் எதுவும் புழங்கறதில்லையே?"

"அதெல்லாம் இல்லீங்க. பொம்ம செய்யற எடம். செருப்பக் கூட வெளிய கழட்டி வச்சுட்டுத்தான் உள்ள போகோணும், அத்தன சுத்தம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவர் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன். அம்மா அந்தக் குரலில் பேசி நான் கேட்டது, பட்டம் வாங்கிய அன்றைக்கு அடுத்து இன்றைக்குத்தான்.

"உக்காந்தே இருந்தா இப்படித்தான். நடங்க, கீரை சாப்பிடுங்க," என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 22

மாத்திரை. கீரை. எட்டாவது டாங்கி.

ஆகஸ்ட் 30

தகரப் பெட்டியில் சேலை தேடும்போது இரண்டாம் ஆண்டு ஆய்வக நோட்டு கிடைத்தது. வித்திலிருந்து எண்ணெய் பிரிக்கும் பரிசோதனை. உருண்டை உருண்டையான என் கையெழுத்து. கரைப்பான்: ஹெக்சேன். அதற்குக் கீழே சிவப்பு மையில் கோடிட்டு எழுதியிருக்கிறேன்: ஆவியைச் சுவாசிக்கக் கூடாது, அதை வெளியே இழுக்கும் புகைக்கூண்டுக்குள் மட்டும் கையாள வேண்டும்.

மே மாதத்தில் வெள்ளைத் தண்ணியின் வாசனை எனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தேன். எங்கே என்று நினைவில்லை என்றும் எழுதியிருந்தேன். இரண்டாவது வாக்கியம் உண்மையல்ல.

செப்டம்பர் 3

அம்மாவிடம் சொல்லாமல் தனியாகப் போனேன். இந்த முறை நரம்புப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, டேப், எக்ஸாஸ்ட். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

இரு கிளைகளுள்ள ஓர் இசைக்கவையைத் தட்டி அதிரவிட்டு என் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தார். "அதிர்வு நின்னதும் சொல்லுங்க."

காத்திருந்தேன். எப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன்.

அவர் கவையை எடுத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். "அந்த ஆவிதான் நரம்பைக் கெடுத்திருக்கு. அந்த அறைக்குள்ள இனிமே போகாதீங்க. நிறுத்தின பிறகும் மூணு நாலு மாசம் கூடிக்கிட்டேதான் போகும். அதுக்கப்புறம்தான் இறங்க ஆரம்பிக்கும்."

"முழுசா இறங்குமா டாக்டர்?"

"இப்பவே சொல்ல முடியாது. உங்ககூட வேலை பாக்கறவங்க யாராவது இருக்காங்களா?"

இருந்தாங்க, என்றேன்.

செப்டம்பர் 4

சாரிடம் சொன்னேன். நல்ல மனிதர். எழுந்து போய் டப்பாவின் மூடியை இறுக்கி மூடினார், ஏதோ இப்போதுதான் அது கசியத் தொடங்கியது போல. வெண்டிலேட்டரில் இருந்த டேப்பைத் தானே கிழித்தார். ஜன்னலைத் திறந்தார். பிறகு வெகுநேரம் அலமாரியில் இருந்த பத்து டாங்கிகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் ரெண்டுதான் வாணி," என்றார். "உன்னக் கட்டாயப்படுத்தல. ஜன்னலத் தொறந்து வச்சே முடிக்க முடியுமான்னு பாரேன். முடியாட்டி விட்டுடு."

முடிக்கிறேன் சார் என்றேன்.

மதியம் காற்று. கீழே லாரியில் மண் கொட்டினார்கள். பச்சை காயுமுன் மேலெல்லாம் புழுதி. ஜன்னலை நானே சாத்தினேன்.

செப்டம்பர் 6

அக்கா வீட்டுத் தெருமுனை வரை போனேன். திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 7

இன்றும்.

செப்டம்பர் 9

கதவைத் தட்டிவிட்டேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். கத்தியை விரலால் பிடிக்கவில்லை, உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். எழ முயன்று, முடியாமல் உட்கார்ந்து, "மகாராணி எந்திரிக்க மாட்டா, நீயே உக்காரு," என்றாள்.

டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். தாள்களைக் காட்டினேன். அவளும் வந்து பார்க்க வேண்டும், நான் கூட்டிப் போகிறேன் என்றேன். பாத்திரத்தில் இருந்த அவரைக்காயைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப எனக்குச் சக்கரை இல்லையா?"

"இல்லன்னுதான் நெனைக்கறேன்க்கா. ரத்தம் பாத்தாத் தெரிஞ்சுடும்."

"ஒரு மாசமா இந்த வீட்ல எனக்கு வெறும் தண்ணிக் காப்பி. மாமியா வெல்ல டப்பாவ ஒளிச்சு வச்சுருச்சு. போ, மேல் தட்டுல கடுகு டப்பாவுக்குப் பின்னால இருக்கும். மூணு கரண்டி போட்டுக் கலந்து எடுத்துட்டு வா."

கலந்து கொடுத்தேன். டம்ளரை இரண்டு மணிக்கட்டுகளுக்கு நடுவே பிடித்துக் குடித்தாள். பாதி குடித்த பிறகு சொன்னேன். "டேப் ஒட்டலாம்னு சொன்னது நான்தான்க்கா. எனக்கு அந்த வாசனையும் தெரியும். முதல் நாளே தெரியும்."

தெருவில் பழ வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். குரல் தேய்வதற்குள் அவள் மீதிக் காப்பியையும் குடித்துவிட்டாள்.

"டேப் ஒட்ட நீ ஏறுறப்ப நாற்காலியப் புடிச்சது யாரு?" என்றாள்.

"நீங்கதான்."

"அப்பறம் என்ன."

ஆனால் நான் கிளம்பும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. "இனிமேட்டு அங்க போகாத" என்றும் சொல்லவில்லை. நான் போவேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வாசலைத் தாண்டிய பிறகு உள்ளே பாத்திரம் கீழே விழும் சத்தம் கேட்டது. போட்டாளா, நழுவியதா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 12

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சர்க்கரை இல்லை. வரும் வழியில் பஸ்ஸில் கூட்டம். அவளுடைய ஒரு கை என் தோளில் இருந்தது. நான் பஸ் கம்பியில் முழங்கையைக் கோத்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 19

கடைசி டாங்கியின் சங்கிலிக் கண்ணிகள். சோப்புத் தண்ணீரில் கழுவினால் நாளை மதியம் வரை காயாது. டப்பாவில் இன்னும் கால்வாசி இருந்தது.

செப்டம்பர் 27

பன்னிரண்டும் பஞ்சுப் பொதியில் வைத்து அனுப்பப்பட்டன. அனுப்புமுன் சார் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார். எம்4ஏ1இன் வலது தோளில், நான் மறுபடி சொரசொரப்பு ஏற்றிய இடத்தில் ஒரு திட்டு வழுவழுப்பாகவே இருக்கிறது. யாருக்கும் தெரியாது. சாருக்குத் தெரிந்தது. பெட்டியை மூடினார்.

பிறகு உறையில் போட்ட ஒரு கடிதம் கொடுத்தார். நிரந்தரம். உறையைப் பிரிக்க எனக்கு நேரமாயிற்று. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 3

கடிதத்தைப் பார்த்ததிலிருந்து அப்பா நிலைகொள்ளவில்லை. நேற்று ஒப்பணக்கார வீதிக்குப் போய் எனக்குக் கறுப்பு ஷூ வாங்கி வந்தார். மூடின ஷூ, ஆபீஸ் போகும் பெண்கள் போடுவது. "இனிமேட்டு ரப்பர் செருப்பு வேண்டாஞ் சாமி," என்றார்.

இன்று அதைப் போட்டுக்கொண்டு போனேன். பஸ், மாடிப்படி, மதியம் கூரியர் அலுவலகம், மறுபடி பஸ். கழன்று விழாத ஷூ. நிம்மதியாக இருந்தது.

மாலையில் வந்து உட்கார்ந்ததும் கொக்கியைக் கழற்ற முயன்றேன். விரல் வழுக்கியது. அப்பா பார்த்துவிட்டு வந்து என் முன்னால் குத்தவைத்தார். "குடு. புது ஷூ கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும்." வலது ஷூவைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு காகித உருண்டை விழுந்தது. ஷூ வடிவம் கெடாமல் இருக்கக் கடையில் முனைக்குள் திணித்து வைப்பார்களே, அது. என் கால்விரல்கள் அழுத்தி அழுத்தி அது அப்பளமாக நசுங்கியிருந்தது. இடது ஷூவைக் கழற்றினார். அதிலும் இருந்தது. கூடவே ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட சின்னப் பொட்டலம், உடைந்து. என் பாதத்தில் அந்த மணிகள் ஒட்டியிருந்தன. இரண்டு இடத்தில் ரத்தம்.

"நாள் பூரா இதோடயா நடந்த?"

"இருக்கட்டும்னு விட்டுட்டேம்ப்பா."

அம்மா அடுப்பங்கரையிலிருந்து சிரித்தாள். "புது ஷூவக் கண்ட சந்தோசத்துல எடுக்க மறந்துட்டா உங்க புள்ள."

அப்பா சிரிக்கவில்லை. பாதத்தைத் துடைத்துவிட்டார். மணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு, "கண்ண மூடு சாமி," என்றார்.

"எதுக்குப்பா?"

"மூடு. ஒவ்வொரு வெரலாத் தொடறேன். தெரியுதான்னு சொல்லு."

மூடிக்கொண்டேன்.

"இது?"

"தெரியுது."

"இது?"

"தெரியுதுப்பா."

"இது?"

"ம். தெரியுது."

அவசரமில்லாமல் கேட்டார். நடுவில் எங்கேயோ குரல் சற்றுத் தள்ளியிருந்து வந்தது. வலது கால் ஐந்து, இடது கால் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் சிறிது இடைவெளி விட்டு, யோசித்து, உண்மையாக உணர்ந்து சொல்வது போலவே சொன்னேன். பத்தாவதுக்கும் தெரியுது என்றேன். அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தேன்.

அப்பா எட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் அவர் மடியில் இருந்தன.